முட்டை இல்லாத கேக்

போடியில் கேக் வாங்குவது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். சிலமலையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போடி. கடைவீதியில் நாலு எட்டு வைத்தால் ஒரு பேக்கரி. அரைக் கிலோ கேக், அதன்மேல் பெயர், கூடவே மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் கத்தி, எல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில் கிடைக்கும். மகள் வயிற்றுப் பேரனுக்கு முட்டை ஆகும் என்றால் நானும் அப்படித்தான் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

ஆகாது என்றால் பிடிக்காது என்ற பொருளில் இல்லை. இரண்டு வயதில் ஒரு வாய் ஆம்லெட் தின்றான். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பெரும்பாலும் வெள்ளைக்கருவில் இருக்கும் புரதம்தான் காரணம், பல பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும், அதுவரை துளிகூட வாயில் படக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு வந்த பிறந்தநாள்களில் எல்லாம் கேசரியில்தான் மெழுகுவர்த்தி குத்தினோம். இந்தக் கோடை விடுமுறைக்கு இங்கே வந்தவன், ஆறு வயது ஆகப்போகிறதல்லவா, என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, நிஜ கேக் வேணும்" என்றான். கேசரி நிஜம் இல்லை என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடை. முட்டை இல்லாத கேக் இருக்கிறதா என்றேன். "எல்லாமே எக்லெஸ்தான் சார்" என்று பச்சைப் புள்ளியைக் காட்டினான் கல்லாப் பையன். எங்கே சுடுகிறீர்கள் என்றேன். கேக் வெளியிலிருந்து வேனில் வருகிறதாம். இவர்கள் கிரீம் பூசிப் பெயர் எழுதுவதோடு சரி. அதே அலமாரியில், இரண்டு தட்டு தள்ளி, முட்டை பப்ஸ். எடுத்துக் கொடுக்கும் இடுக்கியும் ஒன்றேதான். பச்சைப் புள்ளி முட்டை சேர்க்கவில்லை என்று சொல்லும். எந்தக் கிண்ணத்தில் அடித்தார்கள், அதற்கு முன்னால் அதில் என்ன அடித்தார்கள் என்பதை அது சொல்லாது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ரொட்டிக் கடைக்கு 'பூலான்ஷெரி', கேக் கடைக்கு 'பத்திஸ்ரி' என்று இரண்டு பெயரையும் பிரித்து எழுதாவிட்டால் அந்தக் காலத்து வாத்தியார் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். பிரான்சில் 1998-இல் ஒரு சட்டமே போட்டார்கள். மாவைத் தானே பிசைந்து, விற்கிற இடத்திலேயே சுடுகிறவன்தான் 'பூலான்ஷெரி' என்று போர்டு மாட்டலாம். எங்கேயோ சுட்டதை வாங்கி விற்பவன் அந்தப் பெயரை வைக்கக்கூடாது. ரொட்டி விஷயத்தில் அவர்களுக்கு அவ்வளவு வீம்பு. நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் வந்தால் எத்தனை போர்டு இறங்கும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த கடைக்கு நடந்தேன்.

மூன்றாவது கடைக்கு வழிகாட்டியது வாசனைதான். விடியுமுன்னே ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்கு மலையேறும் பெண்களுக்கு அங்கேதான் டீயும் பன்னும். பின்கட்டில் விறகு அடுப்பு. மாஸ்டர் தொழில் கற்றது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். அடுப்பைப் 'போர்மா' என்றுதான் சொல்வார். நான் விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அய்யா, முட்டையில்லாமப் போட்டுத் தர்றேன், அதுக்கென்ன. ஆனா அந்தப் பிள்ளைக்குக் குடுக்காதீங்க."

எனக்குப் புரியவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மாவு அடிக்கும் மிஷின் ஒன்றே ஒன்று. பன்னும் பப்ஸும் பளபளப்பாக வர மேலே முட்டை தடவும் பிரஷ், தட்டுக்கு எண்ணெய் தடவவும் அதுதான். "எவ்வளவு கழுவினாலும் இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. வியாபாரம் இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்" என்றார்.

தலச்சேரி மாம்பள்ளி பாபு கதையை அவரிடம்தான் மறுபடி கேட்டேன். 1883-இல் முர்டாக் பிரவுன் என்ற தோட்டத்து வெள்ளைக்காரர், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி இதேபோல் செய் என்றாராம். மாஹேயிலிருந்து பிராந்தி வாங்கி ஊற்றச் சொன்னாராம். பாபுவோ உள்ளூர்ச் சரக்கை ஊற்றிச் சுட்டுக்கொடுத்தார். துரை தின்றுவிட்டு, இன்னும் ஒரு டஜன் கேட்டாராம். மாஹே எங்கள் பிரெஞ்சுக்காரர்கள் ஊர், அதனால் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "உள்ளே என்ன போச்சுன்னு செஞ்சவனுக்குத்தானே தெரியும்? அதான் சொல்றேன், வீட்லயே போட்டுருங்க" என்று பன் சுற்றும் தாளில் கணக்கு எழுதிக்கொடுத்தார்.

கட்டித் தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், இரண்டையும் கரைய அடிக்க வேண்டும். பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், ஆப்பசோடா அரை டீஸ்பூன் போட்டு ஐந்து நிமிஷம் விட்டால் நுரைத்துப் பொங்கும். முட்டை செய்கிற வேலையை இந்த நுரை செய்யும். அரை கப் எண்ணெய், பிறகு சலித்த மைதா ஒன்றரை கப். குக்கரில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் பத்து நிமிஷம் சூடாக்கி, பாத்திரத்தை இறக்கிச் சின்னத் தீயில் நாற்பது நிமிஷம். ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். வீட்டில் நாங்கள் முட்டை சாப்பிடுகிறவர்கள், அதனால் பாத்திரம், கரண்டி எல்லாம் புதிது வாங்கச் சொன்னார். மைதாவும் சில்லறையில் வேண்டாம், ஒட்டின பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள் என்றார். நான் பணத்தை நீட்டினேன். தாளுக்கு எதுக்குக் காசு என்று வாங்கவில்லை. ஒரு டஜன் பன் வாங்கினேன்.

மேலே வைக்கச் செர்ரி வேண்டும் என்று பேரன் அடம். அது களாக்காயைச் சாயமேற்றிப் பாகில் போட்டது, டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய் என்று சொன்னால் எந்தக் குழந்தை கேட்கும்? வேறு வழியில்லாமல் என் மனைவி மாதுளை முத்தை வைத்தாள். மாவில் நாலு ஏலக்காயைத் தட்டிப் போட்டதும் அவள்தான், தாளில் இல்லாதது. ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்துதான் வந்தது. அவன் மூன்று துண்டு தின்றான். முதல் துண்டுக்குப் பிறகு மகள் அரை மணி நேரம் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

மறுநாள் காலை ஒரு துண்டை வாழையிலையில் மடித்து மாஸ்டரிடம் கொண்டுபோனேன். வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார்.

"ஏலம் நல்லாருக்கு. தீயைக் கொஞ்சம் குறைச்சிருக்கணும்" என்றார்.