தறிக்குழியும் முழங்காலும்

அக்டோபர் 5, 2025, ஞாயிறு

தீபாவளி நெருங்கிவிட்டது. ஆரணியில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமையும் தறிச்சத்தம் ஓயவில்லை. பெரியம்மா குழித்தறியிலிருந்து எழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு கையை, நெய்த துணியைச் சுற்றும் படமரத்தில் ஊன்றினார். மறு கையைத் தரையில் அழுத்தி இடுப்பைப் பின்னுக்கு நகர்த்தினார். ஒரு கால் தானாக மேலே வந்தது. மற்றதைக் கையால் தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. "கொஞ்சம் இரு, கால் வரட்டும்" என்றார்.

நெய்யும்போது அந்தக் கால்களுக்கு ஓய்வே இல்லை, மிதியை மாறி மாறி அழுத்துகின்றன. ஆனால் முழங்கால் மடங்கியபடியேதான் அந்த வேலை நடக்கிறது. அது முழுதாக நீண்டு உடம்பின் பாரத்தைத் தாங்கும் நேரம் நாளில் மிகக் குறைவு. தொடைச் சதை இளைத்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

அக்டோபர் 8, புதன்

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வந்தார். சின்னப் பெண். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருவதோடு, இயன்முறை சிகிச்சையையும் வாசலுக்கே கொண்டுவருகிறது. 2024-இல் ஐ.நா. விருதும் பெற்றது. தகுதியான விருது என்றுதான் சொல்வேன்.

துண்டைச் சுருட்டிப் பெரியம்மாவின் முழங்காலுக்கு அடியில் வைத்தார். "இத நல்லா நசுக்குங்கம்மா. விடாதீங்க, நான் அஞ்சு எண்றேன்." சேலைக்கு மேலேயே தொடைச் சதை இறுகுவது தெரிந்தது. அடுத்து, நாற்காலியில் உட்காரவைத்துக் கையூன்றாமல் எழச் சொன்னார். முதல் முறை பெரியம்மாவால் முடியவில்லை. நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டியதும் எழுந்துவிட்டார்.

அதற்குள் பக்கத்து வீட்டு அக்காக்கள் வாசலில் கூடிவிட்டார்கள். "எனக்கும் இதே வலிதான் கண்ணு" என்றார் ஒருவர். அந்தப் பெண் எல்லோரையும் திண்ணையில் வரிசையாக உட்காரவைத்துக் காலை நீட்டி மடக்கச் சொன்னார். "தேஞ்சுபோன மூட்டுக்கு வேல குடுத்தா இன்னும் தேயாதாம்மா?" என்று ஒருவர் கேட்டார். தெருவே கேட்க நினைத்த கேள்வி அது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு, பஞ்சை நீரில் அழுத்தி விடுவதுபோல் மூட்டு அசைந்தால்தான் அது உள்ளே இறங்கும் என்று விளக்கினார். பிறகு எல்லோருக்கும் உதவும் ஒரு கணக்கும் சொன்னார்: பயிற்சியில் கொஞ்சம் வலிக்கலாம், மறுநாளுக்குள் அது பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் தொடரலாம், இறங்காவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, காலையில் விரல்கள் வெகுநேரம் விறைத்திருந்தாலோ அது வேறு வகை வாதமாக இருக்கலாம், முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று உலக மூட்டுவாத நாள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் சுமார் 52.8 கோடிப் பேர். அவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பெண்கள். முழங்காலில்தான் அதிகம்.

இப்படிப்பட்டவர்களுக்காக டென்மார்க்கில் 2013-இல் 'கிளாட்' என்றொரு திட்டம் தொடங்கினார்கள். நோயைப் புரியவைக்கும் இரண்டு மூன்று வகுப்புகள், பிறகு வாரம் இரண்டாக மேற்பார்வையோடு 12 கூட்டுப் பயிற்சிகள், அவ்வளவுதான். அது கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவியது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். திண்ணையில் நடந்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், அது தொடர்ந்து நடக்கிறது என்பதுதான்.

தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தையும் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல திட்டம், ஆனால் பெரியம்மாவைப் போன்றவர்களுக்கு 8 கிலோமீட்டர் ஆகாது. அவர்களுக்குத் தெருக்கோடிவரை போய்த் திரும்புவதே தொடக்கம், அதுவும் நாலு பேர் சேர்ந்து போனால்தான் நடக்கும். தனியாகப் போனால் இரண்டு நாளில் நின்றுவிடும்.

அக்டோபர் 26, ஞாயிறு

மழை. தறிக்குழியில் ஈரம் ஏறிவிட்டதால் பல வீடுகளில் தறி நிற்கிறது. திண்ணைப் பயிற்சிக்கு அக்காக்கள் இன்று வந்தார்கள். மழை விட்டதும் எத்தனை பேர் வருவார்கள் என்ற கவலை எனக்கு இருக்கிறது. காரணம் சோம்பல் இல்லை. கூலி சேலைக்குத்தான், நாளுக்கு இல்லை. தறியை விட்டு எழுந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் பணம் தரப்போவதில்லை. உடற்பயிற்சி செய்யுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. பெரியம்மா இப்போது தலையணை இல்லாமல் நாற்காலியிலிருந்து எழுகிறார். குழியிலிருந்து எழ இன்னும் படமரம் வேண்டியிருக்கிறது.

நெய்த சேலையைக் கொடுத்துக் கூலியும் அடுத்த பாவும் வாங்க, நெசவாளர்கள் எப்படியும் சங்கத்துக்கோ முதலாளி வீட்டுக்கோ போய்க் காத்திருக்கிறார்கள். ஆரணியின் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளையும் முதலாளிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த நாளில் உங்கள் கூடத்தில் சில நாற்காலிகளைப் போட்டு வையுங்கள், வட்டார இயன்முறை மருத்துவரை அங்கே வரச்சொல்லி எழுதிக் கேளுங்கள், பயிற்சி செய்யும் அரை மணி நேரத்துக்கும் கூலியில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுங்கள்.