நான் போட மறந்த கேள்விக்குறி

கிருஷ்ண ஜெயந்திக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா செய்த உப்புச் சீடையை அப்பா தொடவே இல்லை. கேட்டால், "சுகர் இருக்குல்ல பாப்பா" என்றார். உப்புச் சீடைக்கு என்ன சுகர்? சிரிக்கும்போது வாயை வேறு கையால் மறைத்தார். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் வைத்த இம்பிளான்ட் பல்லின் ஓரம் பெயர்ந்திருந்தது.

"எப்பப்பா?"

"நாலு மாசம் இருக்கும். உன் காசுல வச்சது... எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

என் முதல் சேமிப்பு அது. ஆனால் உறுத்தியது பணம் இல்லை. டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த புதிதில், 'ஒருமுறை வைத்தால் ஆயுளுக்கும் கவலையில்லை' என்று இம்பிளான்ட் பற்றி நான்தான் எழுதினேன். அதைப் படித்துத்தான் அப்பா சம்மதித்தார்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். எலும்புக்குள் இருக்கும் டைட்டானியம் திருகுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே மாட்டிய பல்லில் உள்ளே ஜிர்கோனியா, வெளியே பல் நிறத்துக்காக போர்சலின் பூச்சு. இரண்டுமே செராமிக்தான். பெயர்ந்தது போர்சலின்.

"சீடை மேல பழி போடாதீங்க" என்று சிரித்தார் டாக்டர். "உலோகம் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். செராமிக் வளையாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒவ்வொரு கடிக்கும் கொஞ்சங்கொஞ்சமா வளரும். ஒருநாள் இட்லி சாப்பிடும்போதுகூடப் பெயரும்."

இன்னொன்றும் சொன்னார். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி மெல்லிய நார் இருக்கிறது. சோற்றில் கல் கடிபட்டால் சட்டென்று வாய் திறப்பது அது தரும் எச்சரிக்கையால். இம்பிளான்ட் நேராக எலும்போடு ஒட்டியிருப்பதால் அந்த உணர்வு குறைவு. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே சரியாகத் தெரியாது.

"ராத்திரியெல்லாம் நறநறன்னு பல்லைக் கடிப்பாரு டாக்டர்" என்று அம்மா போட்டுக்கொடுத்தார்.

சென்னை திரும்பியதும், முதலில் படித்திருக்க வேண்டியதை உட்கார்ந்து படித்தேன். இம்பிளான்ட்டைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 14801 என்றொரு தரநிலை இருக்கிறது. 30 டிகிரி சாய்த்து வைத்து, 50 லட்சம் முறை வரை அழுத்துகிறார்கள். ஜிர்கோனியாவுக்கு ஒரு விசேஷம் உண்டு. கீறல் விழுந்தால், அதன் முனையில் இருக்கும் துகள்கள் உருமாறி சுமார் 4 சதவிகிதம் பருத்து, கீறலை நெருக்கிப் பிடிக்கும். 1975-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தலைப்பு, 'செராமிக் எஃகு?'

கண்டுபிடித்தவர்களே கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். கேள்விக்கு இடமும் இருக்கிறது. ஈரத்திலேயே வருடக்கணக்கில் இருந்தால், அதே உருமாற்றம் மேற்பரப்பில் தானாகவே நடந்து ஜிர்கோனியாவையும் மெல்ல பலவீனமாக்கும். வாய் எப்போதும் ஈரம்தானே!

இந்த முறை பூச்சு இல்லாமல் முழு ஜிர்கோனியாவில் பல் வைத்தார்கள். ராத்திரிக்குப் போட்டுக்கொள்ள நைட் கார்டும் கொடுத்தார்கள். "இது எத்தனை வருஷம் வரும்?" என்று அப்பாவே கேட்டார். "பார்த்துக்கிட்டா நல்லா வரும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்க" என்றார் டாக்டர்.

அன்று இரவே என் பழைய கட்டுரையைத் திறந்து, விட்டுப்போனதையெல்லாம் சேர்த்தேன். தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். லிங்க்கை அப்பாவுக்கு அனுப்பினேன்.

பதிலுக்கு ஒரு செல்ஃபி வந்தது. வாயை மறைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்.