காகிதத்தில் செத்த வண்டி

எங்கள் வீட்டுக் கார் ஒரு தடவை செத்துப் போயிற்று. இதை நான் சொல்லவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் எழுத்து மூலமாகவே சொல்லிவிட்டார்கள். அப்புறமும் அது ஓடிக் கொண்டுதான் இருக்கிறது. செத்தவர்களைப் பிழைக்க வைப்பது கதை எழுதுகிறவனுக்குப் புதிய வேலையல்ல. ஆனால் பிழைத்ததை மறுபடி இன்ஷூர் செய்வது எத்தனை பெரிய காரியம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வண்டி 2008-ம் வருஷத்து மாருதி 800. என் தொடர்கதை ஒன்றின் பணத்தில் வாங்கியது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்துக்குள் புகுந்தபோது, நாங்கள் மாடிக்கு ஓடினோம். வண்டிக்கு மாடி ஏறத் தெரியவில்லை. வெள்ளம் வடிந்து நாங்கள் இறங்கி வந்து பார்த்தால், ஸ்டீயரிங் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. ஆசனத்தின் மேல் யார் வீட்டுச் செருப்போ ஒன்று சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

"சாவியை மட்டும் தொட்டுடாதீங்க, சார்!" என்று தெருக்கோடி மெக்கானிக் ஓடி வந்தார். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்ளே கம்பி வளைந்து போகுமாம். வெள்ளத்தால் வந்த சேதத்துக்குக் கம்பெனி பணம் கொடுக்கும். நம் அவசரத்தால் வந்த சேதத்துக்குக் கொடுக்காமல் கை விரித்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சர்வேயர் வந்தார். மிகவும் மரியாதையான மனுஷர். பாலிஸியில் வண்டியின் மதிப்பு எழுபதாயிரம் ரூபாய் என்று போட்டிருந்தது. முதல் ஐந்து வருஷங்களுக்கு இத்தனை சதவிகிதம் தேய்மானம் என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் வயதான வண்டிக்கு நாமும் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான் மதிப்பு. ஒர்க்ஷாப்பில் புதுச் சாமான்கள் போட்டு ரிப்பேர் செய்யக் கேட்டதோ தொண்ணூற்றாறாயிரம். ரிப்பேர்ச் செலவு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டால் வண்டி முழு நஷ்டம் என்பது சட்டம். "டோட்டல் லாஸ், சார்" என்றார், நாடியைப் பார்த்துவிட்டு வெளியே வரும் டாக்டரைப் போல.

இரண்டு வழி சொன்னார். வண்டியையும் ஆர்.ஸி. புத்தகத்தையும் ஒப்படைத்துவிட்டு முழுத் தொகையை வாங்கிக் கொள்ளலாம். அல்லது, பழைய வண்டி வியாபாரிகள் அந்தச் சேற்று மூட்டைக்குக் கேட்கும் விலையைக் கழித்துக் கொண்டு, வண்டியை நாமே வைத்துக் கொள்ளலாம். வியாபாரி கேட்டது இருபத்தையாயிரம். நம் பங்கு என்று பாலிஸியில் கண்ட ஆயிரம். இரண்டும் போக நாற்பத்து நாலாயிரம் கைக்கு வரும்.

என் மனைவி யோசிக்கவே இல்லை. "நம்ம வண்டியை எவனோ உடைச்சு விற்க வேண்டாம்" என்றாள். மெக்கானிக் புதுப்பேட்டைக்குப் போய், பழைய சாமான்களாகப் பொறுக்கி வந்து, நாலு மாதத்தில் முப்பத்தையாயிரத்தில் எழுப்பி நிறுத்திவிட்டார். ஒன்பதாயிரம் மீதி! சாவிலும் லாபம் பார்த்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அந்தப் பூரிப்பில் வண்டியை நானே வீட்டுக்கு ஓட்டி வந்தேன். தெருத் திருப்பத்தில் ஒரு பையன் சைக்கிளோடு குறுக்கே பாய்ந்தான். பிரேக் பிடித்தது. சக்கரத்துக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. பையன் சிரித்துக் கொண்டே போய்விட்டான். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாலிஸியைத் தேடி எடுத்தேன். இன்னும் சில மாதம் பாக்கி இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டுக் கொண்டே, அதோடு குத்தியிருந்த கம்பெனிக் கடிதத்தைப் புரட்டினேன். முழு நஷ்டத்துக்குப் பணம் கொடுத்த தேதியோடு பாலிஸி முடிந்துவிட்டது என்று கண்டிருந்தது. வண்டியோடு பாலிஸியும் செத்திருக்கிறது. மெக்கானிக் எழுப்பியது வண்டியை மட்டும்தான்.

மறுநாளே ஏஜெண்டை வரவழைத்தேன். மனுப் பாரத்தில், முன்பு நஷ்ட ஈடு வாங்கியது உண்டா, எந்தக் கம்பெனியாவது ரத்து செய்ததுண்டா என்றெல்லாம் கேள்விகள். "பெயிண்ட் அடிச்சு ஜம்முனு இருக்கு, சார். 'இல்லை'ன்னு போட்டுடுங்க" என்றார் ஏஜெண்டு. போட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

இரவு சாப்பிடும்போது அதை ஒரு சாமர்த்தியம் போல மனைவியிடம் சொன்னேன்.

"நீங்கள்தான் தினம் பொய் எழுதுகிறீர்களே, இதில் என்ன?" என்றாள். உடனே, "ஆனால் கதை படிக்கிறவர்களுக்கு அது கதை என்று தெரியும். இந்தக் காகிதத்தைப் படிக்கிறவருக்குத் தெரியாதே!" என்றாள்.

காலையில் பாரத்தைக் கிழித்துவிட்டு உண்மையை எழுதினேன். முதல் கம்பெனி 'முடியாது' என்றது. இரண்டாவது கம்பெனி ஆள் அனுப்பி, வண்டியைச் சுற்றிப் போட்டோ எடுத்து, பிறர் சேதத்துக்கு மட்டும் பாலிஸி கொடுத்தது. என் வண்டி மறுபடி முழுகினாலும் எரிந்தாலும் காலணா கிடையாது. ஆனால் என் வண்டியால் ஒருவருக்கு உயிர்ச்சேதமோ உடற்சேதமோ நேர்ந்தால், கோர்ட் விதிக்கிற நஷ்ட ஈட்டை அது கொடுக்கும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் வண்டி வைத்திருக்கிறவனிடம் கட்டாயமாகக் கேட்பதும் இந்த ஒன்றைத்தான்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. என் வண்டிக்கு ஒரு பைசா மதிப்பில்லை, அது செய்யக்கூடிய தீங்குக்கு மட்டும் இத்தனை மதிப்பா? பிறகு சைக்கிள் பையன் ஞாபகத்துக்கு வந்தான். ஏழு வருஷமாக இன்ஷூரன்ஸ் என்பது என் வண்டிக்காக என்றே எண்ணியிருந்தேன். அதில் முக்கியமான பாதி அந்தப் பையனுக்காக என்பது, எனக்கென்று இருந்த பாதி போன பிறகுதான் தெரிந்தது.

பிற்பாடு வேளச்சேரிக்குக் குடி போனோம். ஆற்றுக்குப் பயந்து ஏரிக்குப் போன புத்திசாலிகள்! 2024 அக்டோபரில் பெருமழை அறிவிப்பு வந்ததும், ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாகக் கொண்டு போய் நிறுத்தினார்களே, அந்த வரிசையில் எங்கள் கிழவியும் நின்றாள். பக்கத்தில் பளபளவென்று ஒரு புது வண்டி. அதன் சொந்தக்காரர் என் வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கா, சார்?" என்று விசாரித்தார்.

"உங்களுக்கு இருக்கு, சார். எனக்குத்தான் இல்லை" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மழை தூற ஆரம்பித்தது. குடையை விரித்துக் கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.