தள்ளு... தள்ளு... தள்ளாதே!

கார் பேட்டரி டவுன் என்றால் ஒரு காலத்தில் நம் ஊரில் ஒரே வைத்தியம்தான். தள்ளு! அம்பாஸடரோ, பத்மினியோ, வழியில் போகிற நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர் செகண்டு கியரில் வைத்து கிளட்ச்சை டக்கென்று விட, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, கறுப்பாக ஒரு தும்மல் போட்டுக் கிளம்பிவிடும். தள்ளினவர்களுக்கு நன்றி சொல்லக்கூட நிற்க முடியாது. நின்றால் மறுபடி தள்ளணும்!

ஹைபிரிட் காரை இப்படித் தள்ளிப் பாருங்கள். ஊரே திரண்டு வந்தாலும் அசைந்து கொடுக்காது. கிளட்ச் பெடல் என்ற வஸ்துவே அதில் கிடையாது. கயிறு கட்டி இழுக்கலாமே என்பீர்கள். அது இன்னும் வம்பு. எஞ்சினோடு சேர்த்து மின்சார மோட்டாரும் சக்கரத்தோடு பிணைந்திருக்கிறது. சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி கரண்ட் உற்பத்தி செய்ய ஆரம்பித்துவிடும். செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

"அவ்வளவு பெரிய பேட்டரி வெச்சிருக்கானே, அது எப்படி சார் டவுன் ஆகும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில்: டவுன் ஆவது அது இல்லை. ஹைபிரிட் காரில் பேட்டரி இரண்டு. 1997-ல் ஜப்பானில் டொயோட்டா விற்க ஆரம்பித்த ப்ரியஸிலிருந்தே இந்த ஏற்பாடுதான். பெரியது காரை ஓட்ட. 2003-ல் வந்த இரண்டாவது தலைமுறை ப்ரியஸில் அதன் அழுத்தம் 201.6 வோல்ட். சின்னது, எல்லாக் காரிலும் இருக்கிற மாதிரி 12 வோல்ட். விளக்கு, கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் இதன் தயவில். காரை அணைத்ததும் பெரிய பேட்டரி பாதுகாப்புக்காகத் துண்டிக்கப்பட்டுவிடும். மறுபடி இணைக்கிற ரிலேக்களை இழுத்து மூட சின்ன பேட்டரிதான் வரவேண்டும்.

பி.காம். படித்த எனக்கு இது பெட்டி கேஷ் சமாச்சாரமாகப் புரிந்தது. கம்பெனி பெயரில் பாங்கில் கோடி கோடியாக டெபாசிட். ஆனால் பாங்குக்குப் போய் செக்கை மாற்றி வர வேண்டிய ஆபீஸ் பையனுக்கு பஸ் காசு இல்லை. கம்பெனி இழுத்து மூடல்!

2024-ல் மயிலாடுதுறையில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெரியப்பாவின் ஹைபிரிட் காரில் சென்னையிலிருந்து போயிருந்தோம். (எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். கார் பாவம், அதன் மீது குற்றமே இல்லை.) பெரியம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கல்யாணத்தன்று மதியம் மூன்று மணிக்கு சென்னையில் படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். முகூர்த்தம் முடிந்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, எட்டு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று திட்டம்.

ஏழே முக்காலுக்குப் பெரியப்பா பட்டனை அமுக்கினார். டாஷ்போர்டு ஒரு தரம் மங்கலாகக் கண்ணைச் சிமிட்டியது. டிக், டிக், டிக் என்று பல்லி மாதிரி சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

விசாரித்ததில் விஷயம் வந்தது. முதல் நாள் ரிசப்ஷன் முடிந்து பையன்கள் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அமுக்கினால் கார் 'ரெடி' நிலைக்கு வராது. பாட்டு மட்டும் பாடும், சின்ன பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். பெரியதிலிருந்து அதற்குச் சார்ஜ் ஏறுவது 'ரெடி'யில் இருக்கும்போதுதான். பிரேக்கை மிதித்து அமுக்கியிருந்தால் விடிய விடியப் பாடியிருக்கலாம். அதிலே ஒருத்தன் சீட்டைச் சாய்த்துத் தூங்கியே போய்விட்டான். எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம்!

வாடகைக் காருக்கு நாலு இடத்தில் போன் போட்டோம். பெரிய முகூர்த்த நாள். ஒரு வண்டி இல்லை. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. முதல் நாள் மாலையிலிருந்தே அவருக்குக் கால் வீங்கியிருந்தது. ஒரு தடவை டயாலிசிஸ் தவறினால் உடம்பில் நீர் சேரும், நுரையீரல் வரை போகும், பொட்டாசியம் ஏறி இதயத்தையே தொந்தரவு பண்ணும். இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பெண் வீட்டார் வந்த டூரிஸ்ட் பஸ்ஸின் டிரைவர், கையில் தடித்த ஜம்பர் கேபிளோடு வந்தார். நல்ல மனுஷர். டிபன்கூடச் சாப்பிடாமல் எழுந்து வந்திருந்தார்.

"ஐயா, கவலைய விடுங்க. நம்ம பஸ் பேட்டரியிலேர்ந்து ஒரு தட்டு தட்டுனா யானையே எந்திரிச்சு உக்காந்துரும்."

பத்து பேர் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க வழி சொல்ல ஆரம்பித்தார்கள். பெரியம்மா மட்டும் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து காரின் கையேட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்க அட்டவணையில் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் டீச்சர். (கையேட்டைப் படிப்பது ஆம்பளைகளுக்குக் கௌரவக் குறைச்சல் என்று நம் வீடுகளில் ஒரு சட்டம் இருக்கிறது. காரணம் தெரியவில்லை.)

"தம்பி, உங்க பஸ்ஸுல எத்தனை வோல்ட்?"

"ரெண்டு பேட்டரிம்மா. இருபத்தி நாலு."

"இதுல பன்னிரண்டுக்கு மேல வேண்டாம்னு போட்டிருக்கே."

டிரைவர் கேபிளைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். 24 வோல்ட்டை அதில் செலுத்தியிருந்தால் கம்ப்யூட்டர்கள் வரிசையாகக் கருகியிருக்கும். யானை எழுந்திருக்காது, காரும் எழுந்திருக்காது.

நாதஸ்வரக் கோஷ்டி வந்திருந்த பழைய டீசல் காரை அந்த டிரைவரே தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். 12 வோல்ட். இரண்டு காரும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, இரண்டையும் அணைத்தோம். பெரியம்மா வாசிக்க, டிரைவர் செய்தார். எங்கள் கார் பானெட்டுக்குள் ஃப்யூஸ் பெட்டி. அதைத் திறந்தால் சின்னதாக ஒரு சிவப்பு மூடி, அதற்கடியில் ஒரு உலோக நாக்கு. பேட்டரி எங்கோ பின்னால் டிக்கியில் ஒளிந்திருக்கிறது, இது அதன் பிரதிநிதி. (எல்லா மாடலிலும் இப்படி இருக்காது. உங்கள் காரில் எங்கே என்று பார்த்து வையுங்கள்.) சிவப்பு கேபிளின் ஒரு முனை அதில், மறுமுனை டீசல் காரின் பிளஸ்ஸில். கறுப்பின் ஒரு முனை டீசல் காரின் மைனஸில். கடைசி முனையை மட்டும் பேட்டரிக்குக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் காரிலேயே தள்ளி, பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் மாட்ட வேண்டும். கடைசியாக மாட்டும்போது பொறி பறக்கலாம். பேட்டரிப் பக்கம் ஹைட்ரஜன் வாயு இருந்தால் அந்தப் பொறி போதும், டமால்!

"ஆரஞ்சு ஒயர் எதையும் தொடக் கூடாது" என்று பெரியம்மா வாசித்தார். ஆரஞ்சுதான் பெரிய பேட்டரியின் ஒயர். ஆளைக் கொன்றுவிடும். பக்கத்தில் நின்ற சித்தப்பா கையை வேட்டிக்குள் விட்டுக்கொண்டார்.

டீசல் கார் ஐந்து நிமிஷம் ஓடியது. "இப்போ ஒரு கதவைத் திறந்து மூடணுமாம்." எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தாலி கட்டும்போது இதை இந்தக் கையில் வாங்கு என்றால் வாங்கிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி திறந்து மூடினோம். பெரியப்பா பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினார்.

சத்தமே இல்லை.

"போச்சு" என்றார் சித்தப்பா. கூட்டம் கலைய ஆரம்பித்தது. பெரியப்பாவின் முகம் மட்டும் மலர்ந்திருந்தது. டாஷ்போர்டில் பச்சையாக 'ரெடி' எரிந்துகொண்டிருந்தது. ஹைபிரிட் கிளம்பும்போது எஞ்சின் ஓடியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை! மாட்டின வரிசைக்குத் தலைகீழாகக் கேபிள்களைக் கழற்றினோம். எட்டு ஐம்பதுக்குக் கிளம்பினோம். வழியில் எங்கும் காரை அணைக்கவில்லை, காபிக்குக்கூட. மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பெரியம்மா ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார். மறுநாள் அந்த பேட்டரியைச் சோதித்துப் பார்த்து மாற்றிவிட்டார்கள்.

இந்தக் காருக்குத் தேவைப்பட்டது எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சாதாரணக் காரில் எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரேயடியாகக் கரண்டை உறிஞ்சும். இந்த மாதிரி முழு ஹைபிரிட்டில் அந்த வேலையைப் பெரிய பேட்டரி பார்த்துக்கொள்கிறது. சின்னதற்குக் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினால் போதும். அதனால் கைக்கடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று பெரும்பாலும் போதும். ஆனால் அதை டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். கரண்ட் போனால் டிக்கியே திறக்காத கார்கள் உண்டு! கார்க் கதவைத் திறக்க மட்டும் அந்த ரிமோட் சாவிக்குள் ஒரு உலோகச் சாவி ஒளிந்திருக்கும். இழுத்துப் பாருங்கள்.

பிளஸ், மைனஸ் மாறினால் அதிர்ஷ்டசாலிக்கு ஃப்யூஸோடு போகும். மற்றவர்களுக்கு வீட்டுக் கடன் வாங்குகிற அளவுக்கு பில் வரும். அடுத்த வீட்டுக்காரர் கார் நின்றுவிட்டது என்று உங்கள் ஹைபிரிட்டிலிருந்து கரண்ட் கேட்டால், கையேட்டைப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். பல கம்பெனிகள் கூடாது என்றே சொல்கின்றன. அவருக்கு ஸ்டார்ட்டர் சுழல வேண்டும். அவ்வளவு கரண்டை உங்கள் கார் தாங்காது. வெளியூர் போய் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தவர்கள் 'ரெடி'யில் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் சார்ஜ் ஏறும். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் வேண்டாம். சத்தமில்லாமல் நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது எஞ்சின் தானாகவே ஓட ஆரம்பிக்கும். அந்தப் புகை மூச்சை நிறுத்திவிடும்.

கார் டெலிவரி எடுக்கிற அன்று ஷோரூமில் என்னவெல்லாம் நடக்கிறது! பட்டுத் துணி போர்த்தி, மாலை போட்டு, கேக் வெட்டி, சாவி மாதிரி ஒரு பெரிய அட்டையைக் கையில் கொடுத்து போட்டோ. இதில் ஐந்து நிமிஷம் ஒதுக்கிச் சின்ன பேட்டரியைக் காட்டினால் என்னவாம்? போன மாதம் நண்பர் ஒருவர் கார் எடுக்கப் போனபோது கூடப் போயிருந்தேன். டை கட்டின இளைஞரிடம் "ஜம்ப் பண்ற பாயின்ட் எங்கேப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"அது ஆக்சஸரீஸ் சார். தனியா காசு" என்றார்.