அழிக்கச் சொன்ன எஞ்சின்கள்!

ரஷ்யா டூர்னு சொன்னாலே மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தானா? இந்த வாரம் வோல்கா நதிக்கரைக்கு வாங்க. மாஸ்கோவில் சாயங்காலம் ரயில் ஏறினா, மறுநாள் காலையில் சமாரா. சோவியத் காலத்தில் இதன் பெயர் குய்பிஷேவ். அப்போ வெளிநாட்டுக்காரங்களுக்கு 'நோ என்ட்ரி'. இப்போ லெனின் அவென்யூவில் ஒரு சோயுஸ் ராக்கெட்டையே நிமிர்த்தி வெச்சு, கீழே மியூசியம் நடத்துறாங்க!

ஊரின் வடக்கு ஓரம், உப்ராவ்லென்செஸ்கி குடியிருப்பு. 1946-ல் ஜெர்மன் எஞ்சின் நிபுணர்களைக் குடும்பத்தோடு கொண்டுவந்து இறக்கியது இங்கேதான். 'வர்றீங்களா?'னு யாரும் கேட்கலை. 1949-ல் இங்கிருந்த டிசைன் பீரோவுக்குத் தலைவரா வந்தார் நிகோலாய் குஸ்னெத்சோவ். ரெண்டு நாட்டு மூளையும் சேர்ந்து உருவாக்கியது என்.கே-12. ஒண்ணுக்கு 12,000 குதிரைசக்திக்கு மேல! இதன் உறுமல் அரக்கோணத்துக்காரங்களுக்குத் தெரியும். அங்கே ஐ.என்.எஸ். ராஜாளியில் 2017 வரை இருந்த கடற்படையின் டி.யு-142 விமானங்களில், ஒவ்வொண்ணுக்கும் நாலு என்.கே-12.

அடுத்த டார்கெட், நிலா. சோவியத்தின் என்-1 ராக்கெட்டுக்கு முதல் அடுக்கில் மட்டும் 30 குஸ்னெத்சோவ் எஞ்சின்கள். 1969 முதல் 1972 வரை நாலு முறை கிளம்பி, நாலும் ஃபெயில். தேற்றி உருவாக்கின புது எஞ்சின் என்.கே-33 தயாரா இருந்தப்போ, 1974-ல் திட்டத்தையே நிறுத்திட்டாங்க. எஞ்சின்களை அழிக்கச் சொல்லி உத்தரவு. குஸ்னெத்சோவ் அழிக்கலை. குடோனில் பத்திரமா பூட்டி வெச்சுட்டார்!

அப்படி என்ன விசேஷம்? பம்ப்பைச் சுத்தவிட்ட வாயுவை வெளியே வீணாக்காம, மெயின் சேம்பருக்கே அனுப்பி எரிக்கும் எஞ்சின் இது. ஆக்சிஜன் நிறைஞ்ச அந்தச் சூடான வாயு, உலோகத்தையே தின்னுடும். அதைத் தாங்குற எஞ்சினை குய்பிஷேவ்ல செஞ்சு காட்டிட்டாங்க. 1990-களில் குடோன் திறந்தப்போ அமெரிக்கர்கள் அசந்துபோய், ஒண்ணு சுமார் 11 லட்சம் டாலர்னு வாங்கிட்டுப் போனாங்க.

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் அன்டாரஸ் ராக்கெட்டை இந்த எஞ்சின்கள் தூக்கிட்டுப் பறந்தன. டிசம்பரில் ரஷ்யாவும் தன் புது சோயுஸில் பறக்கவிட்டது. பார்க்க குஸ்னெத்சோவ் இல்லை. 1995-லேயே இறந்துட்டார்.

சுபம் போடலாமா? இருங்க. 2014 அக்டோபரில் ஒரு அன்டாரஸ், கிளம்பிய சில விநாடிகளில் வெடிச்சது. எஞ்சினின் ஆக்சிஜன் பம்ப்பில் கோளாறு. அன்டாரஸ் வேற எஞ்சினுக்கு மாறிடுச்சு.

ஆனா, ஜெயிச்சதோ தோத்ததோ, அந்த எஞ்சினுக்குப் பறக்க ஒரு சான்ஸ் கிடைச்சது. அழிச்சிருந்தா அதுவும் இல்லை. உங்க ப்ராஜெக்ட்டை யாராவது வேண்டாம்னு சொன்னா, உடனே டெலீட் பட்டனைத் தேடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். ஒரு காப்பி இருக்கட்டும்!