இளைத்த குட்டிக்கு எதைப் போடுவது?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் ஓட்டத்துக்குக் குதிரை வாங்குகிறவர் காலைப் பார்ப்பார்; அழகுக்கு வாங்குகிறவர் காதைப் பார்ப்பார். என் சித்தப்பா விலையைப் பார்ப்பார். அப்படித்தான் ஒரு வயது நிரம்பாத அந்தப் பெண் குட்டி எங்கள் தோட்டத்துக்கு வந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம், வயிறு மட்டும் பானை மாதிரி தொங்கியது.

யோசனைக்கா பஞ்சம்? "கொள்ளை வேகவெச்சு ரெண்டு வேளை போடுங்க, ஒரு மாசத்துல தேறிக்கும்" என்றார் ஒருவர். தவிடு, நாட்டுச் சர்க்கரை, முட்டை என்று அடுத்தவர் பட்டியலை நீட்டினார். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது மனிதருக்கு. குதிரை என்றதும் நாம் அதைத் திருப்பிப் போட்டுவிடுகிறோம். குதிரைக்கு நமக்குத் தோன்றியதைப் போடுவது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் வழியே வந்திறங்கிய குதிரைகளுக்கு இங்கே சோற்றையும் வெந்த இறைச்சியையும் கொடுத்ததையும், அவை நிலைக்காமல் செத்துப்போனதையும் எழுதி வைத்திருக்கிறார்.

கால்நடை மருத்துவர் வந்ததும் தீவனத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "லத்தி எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்றுதான் கேட்டார். உடம்பு வற்றி வயிறு மட்டும் பெருத்த குட்டி என்றால் முதல் சந்தேகம் புழு. அதற்கும் கண்டபடி மருந்து ஊற்றக் கூடாது. உருண்டைப் புழு ஏராளமாக இருக்கும்போது ஒரே அடியாகக் கொன்றால், செத்த புழுக்களே குடலை அடைத்துவிடும்.

அடுத்தது, பட்டினியின் கணக்கு. நாள் கணக்கில் காய்ந்த உடம்புக்குள் தானியம் திடீரென்று போனால் இன்சுலின் எகிறும், ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் பாஸ்பரஸும் மக்னீசியமும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும், இதயம் தடுமாறும். சாகக் கிடந்த குதிரை, சாப்பிட ஆரம்பித்த முதல் வாரத்தில் செத்துப்போவது இதனால்தான். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் பட்டினிக் குதிரைகளுக்குப் பலவகைத் தீவனம் கொடுத்துப் பார்த்து, காய்ந்த குதிரைமசாலே பத்திரமானது என்று கண்டார்கள். அதில் மாவுச்சத்து குறைவு, புரதமும் தாதுக்களும் அதிகம். அதையும் குவித்துப் போடுவதில்லை. வளர்ந்த குதிரைக்கே முதல் சில நாள் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோதான். குட்டிக்கு அதைவிடக் குறைவு. சித்தி ராத்திரி அலாரம் வைத்து எழுந்து போட்டார். (சித்தப்பா தூங்கினார் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.)

வளர்ந்த குதிரைக்கு இல்லாத இன்னொரு ஆபத்து குட்டிக்கு உண்டு. அதன் எலும்பு இன்னும் முற்றவில்லை. தானியத்தைத் திணித்து வேகமாகச் சதை போட வைத்தால் மூட்டுகள் வீங்கும், குருத்தெலும்பு கெடும். பளபளவென்று இருக்கும் குட்டி நொண்டும். தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. அதையே நம்பி வளர்த்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். கொள்ளும் வேண்டாத பொருளில்லை. குட்டி தெம்பாக எழுந்து நடமாடிய பிறகு, ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, பசுந்தீவனத்துக்குத் துணையாகத்தான் கொடுக்கத் தொடங்கினோம்.

தேறுகிறதா என்று கண்ணை நம்பிச் சொல்ல முடியாது. தினமும் பார்ப்பவருக்கு மாற்றமே தெரியாது. வாரம் ஒருமுறை டேப்பால் மார்பைச் சுற்றி அளந்து சுவரில் எழுதினோம். விலாவைக் கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. அந்த அளவு போதும். அதற்கு மேல் கொழுக்கவைப்பது நம் ஆசைக்காகத்தான்.

நன்றாக இளைத்த குதிரை பழைய எடைக்கு வர மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். ஒரே மாதத்தில் தேற்றித் தருகிறேன் என்கிறவர் கையில் குட்டியைக் கொடுக்காதீர்கள்.