மூக்கில்லாத வண்டி

திருப்பூரில் பழைய வேன் வாங்க நினைப்பவர் முதலில் ஏறி இறங்குவது ஆட்டோ கன்சல்டிங் கடைகளில்தான். தகரக் கொட்டகை, கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்திய வண்டிகள், எல்லாவற்றுக்கும் ஒரே ஜாதகம்: "ஒன் ஓனருங்க, டாக்டர் வெச்சிருந்தது, எஃப்.சி. கரண்ட்டு, இன்சூரன்ஸ் கரண்ட்டு." பல்லடம் ரோட்டில் இரவு நின்றிருந்த லாரியின் பின்னால் எங்கள் ஆம்னி போய்ச் சொருகியதிலிருந்து இந்த ஜாதகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ரிப்பேர் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடுவார்கள். எங்கள் வண்டியைப் பார்த்த சர்வேயருக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வண்டி வண்டியாக ஏறி, கால்மிதியைத் தூக்கித் தரையில் துரு பார்க்கிறேன். சட்டைப் பையில் ஒரு காந்தம். தகரத்தில் ஒட்டும், பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தால் புகை கிளம்புகிறதா என்று குனிகிறேன். நிற்பதெல்லாம் ஈக்கோவும் டாடா ஏஸும். கொட்டகை மூலையில் எங்காவது ஒரு ஆம்னி தென்பட்டால் போதும், வந்த வேலை மறந்துபோகிறது.

1984 கடைசியில் வெறும் 'மாருதி வேன்' என்று வந்தது. 1988இல் ஆம்னி ஆனது. மாருதி 800 காரின் அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின். அந்தச் சின்ன எஞ்சின் தொண்ணூறுகளில் எங்கள் ஊரையே சுமந்தது. கட்டிங் முடிந்த துணி பவர்டேபிளுக்கு, அங்கிருந்து செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு பனியன் வெளியூர் கிளம்புவதற்குள் எத்தனை ஆம்னி மாறியிருக்கும்! பின்சீட்டைக் கழற்றித் திண்ணையில் போட்டுவிட்டால் கட்டு ஏற்ற இடம் வந்துவிடும். வாரம் முழுக்க எங்கள் வீட்டுத் திண்ணைக்கு சோபா அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டு மறுபடி வண்டிக்கு ஏறும். பழனி, சிவன்மலை, காதுகுத்து, கிடாவெட்டு. எட்டுப் பேர் வண்டியில் எட்டுப் பேர் மட்டும் போனதாக எனக்கு நினைவில்லை. பஞ்சுத்தூசியும் கட்டுச்சோறும் கலந்த ஒரு வாசம். பக்கவாட்டில் ஓடும் கதவை இழுத்துச் சாத்துவதற்கு ஒரு வேகம் வேண்டும். வெளியூர் மாமாக்கள் மரியாதையாக மெல்லச் சாத்துவார்கள். அது பாதியில் நின்றுகொள்ளும். "இன்னொருக்கா, நல்லா இழுத்து உடுங்க மாப்ள" என்பார் அப்பா. சர்ர்ர், டமார். அதன் பிறகுதான் வண்டி நகரும். சினிமாவில் ஆள் கடத்துகிறவர்களுக்கும் இந்தக் கதவுதான் வசதி; ஆம்னி தெருவுக்குள் மெதுவாக நுழைந்தால் நாங்கள் கத்திக்கொண்டு ஓடுவோம்.

முன்சீட்டில் எங்களுக்கு இடம் கிடையாது. எஞ்சின் அந்த சீட்டுக்கு அடியில். சித்திரை வெயிலில் தொடை வெந்துவிடும் என்பார்கள். எஞ்சின் அடியில் போனதால்தான் முன்னால் பானெட் இல்லை. அது இல்லாததால்தான் அவ்வளவு சின்ன வண்டிக்குள் அவ்வளவு இடம். ஓட்டுகிறவருக்கும் எதிரே வருவதற்கும் நடுவில் ஒரு கண்ணாடி, ஒரு தகரம், அவ்வளவுதான். மோதல் பாதுகாப்பு விதிகள் கெடுபிடியானபோது இந்த உடம்பை வைத்துக்கொண்டு தேற முடியவில்லை. 2019இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். செய்தி வந்த அன்று ஆளாளுக்குப் பழைய போட்டோ போட்டு உருகினோம்.

ஆம்னிக்கு உருகாத ஒருவர் எங்கள் டிரைவர் அண்ணன். லாரியில் மோதிய இரவு ஸ்டியரிங்கில் இருந்தவர் அவர். முழங்காலில் பிளேட் வைத்திருக்கிறது. நல்ல ஆம்னி ஒன்று கண்ணில் பட்டதென்று ஆசையாகப் போய்ச் சொன்னேன். "ஆம்னின்னா வேற ஆளப் பாத்துக்குங்க தம்பி" என்றார், காலை நீட்டியபடியே.

நான் வளர்ந்தது பின்சீட்டில். என் ஞாபகத்தில் இருக்கும் ஆம்னி அங்கிருந்து பார்த்த ஆம்னி. ஈக்கோவிலும் எஞ்சின் சீட்டுக்கு அடியில்தான். ஆனால் முன்னால் ஒரு சாண் மூக்கு இருக்கிறது. அண்ணன் கேட்பது அந்த ஒரு சாணைத்தான். காங்கேயம் ரோட்டில் ஒரு ஈக்கோவுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறேன்.